வீட்டு விருந்துக்கு இறால், கடம்பா, வவ்வால் மீனில் லேசான சிற்றுணவுகள்: கொருக்குப்பேட்டையிலிருந்து வந்த கேள்விக்கு

வீட்டுக்குப் பத்துப் பேர் விருந்துக்கு வருகிறார்கள். குழம்பு, வறுவல் என்று இல்லாமல், ஓட்டலில் சாப்பாட்டுக்கு முன்னால் கொண்டுவந்து வைப்பார்களே, அந்த மாதிரி கடல் உணவில் சின்னச் சின்னதாக, எண்ணெய் இல்லாமல், பார்க்கவும் அழகாக நான்கைந்து வகை செய்ய வேண்டும். ஓவன் கிடையாது, இரண்டு பர்னர் அடுப்புதான். ஒரு முறை செய்து பார்த்ததில் இறால் ரப்பர் மாதிரி ஆகிவிட்டது. யூடியூபில் பச்சை மீனை எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்து அப்படியே பரிமாறுகிறார்கள், அதை நம் வீட்டில் செய்யலாமா? சுருக்கமாக, இதுதான் நீங்கள் எழுதியது. செய்முறை கேட்கிற மாதிரி இருந்தாலும், இரண்டு முறை படித்தபோது அடியில் ஒரு பயம் தெரிந்தது. மிளகாய்த்தூளும் புளியும் இல்லாமல் மீனைத் தட்டில் வைத்தால் கவுச்சி அடிக்காதா, வந்தவர்களுக்கு வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளுமா என்ற பயம். அது நியாயமான பயம்தான். அதற்குப் பதில் கிடைத்தால் மற்றதெல்லாம் சுலபம்.

நான் ராயபுரத்தில் பிறந்து வளர்ந்தவன். கேட்டரிங் படித்துவிட்டு இருபது வருடத்துக்கு மேல் ஓட்டல் சமையலறைகளில் இருந்தேன். அதில் பாதிக்கு மேல் குளிர்ந்த பதார்த்தங்கள் செய்யும் பிரிவில். அங்கே முதல் வாரத்திலேயே புரிந்துவிடும் விஷயம் ஒன்று உண்டு. குழம்பில் நேற்றைய மீனைப் போட்டாலும் மசாலா கொஞ்சம் காப்பாற்றும். வெறும் உப்பும் எலுமிச்சையும் போட்ட இறாலுக்கு அந்தக் காப்பு கிடையாது. அதனால் இந்த வகைச் சமையலில் முக்கால்வாசி வேலை கடையிலேயே முடிந்துவிடுகிறது. மீதி கால்வாசி, கடிகாரத்தைப் பார்ப்பது.

கடையிலிருந்தே தொடங்குகிறேன். உங்கள் வீட்டிலிருந்து காசிமேடு மீன்பிடித் துறைமுகம் பக்கம்தான். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள். கூட்டத்தில் நின்று நிதானமாகத் தொட்டுப் பார்த்து வாங்க முடியாது, விலையும் ஏறியிருக்கும். வார நாளில் விடியற்காலை போங்கள். ஏலத்தில் கூடையாக எடுத்து வந்து உட்கார்ந்து விற்கும் அக்காமார்களிடம் வாங்குங்கள். "பச்சையா சாப்பிடற மாதிரி லேசா வேகவைக்கப் போறேன்க்கா, எது இன்னிக்கு வந்தது?" என்று நேராகக் கேளுங்கள். நான் கேட்டபோதெல்லாம் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார்கள். விருந்து எந்த மாதம் என்று நீங்கள் எழுதவில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் நம் கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். சின்னப் படகுகள் மட்டும் போகும், வரத்து குறையும், வெளியூரிலிருந்து ஐஸில் வந்த மீன் கலந்திருக்கும். அந்த மாதங்களில் நடந்தால் கடல் இறாலைத் தேடி அலைய வேண்டாம். பண்ணையில் வளர்க்கும் வெனாமி இறால் நன்றாகவே இருக்கும். பிடித்து எத்தனை மணி நேரமானது என்று சொல்லக்கூடிய கடையாகப் பார்த்து வாங்குங்கள்.

கண் பளபளவென்று இருக்க வேண்டும், செவுள் சிவப்பாக இருக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். சரிதான், ஆனால் அது மட்டும் போதாது. ஐஸில் முகம் புதைந்து கிடந்த மீனுக்குக் கண் மங்கித்தான் போயிருக்கும், மீன் கெட்டிருக்காது. நான் அதிகம் நம்புவது மூக்கையும் விரலையும்தான். நல்ல மீனில் கடல் தண்ணீர் வாசம்தான் வரும். விரலால் அழுத்தினால் குழி உடனே நிமிர வேண்டும். இறாலில் தலை உடம்போடு இறுக்கமாக ஒட்டியிருக்க வேண்டும். தலை தொங்கினால், தலைக்குள் இருக்கும் செரிமான நொதிகள் சதையைக் கரைக்கத் தொடங்கிவிட்டன என்று அர்த்தம். அந்த இறாலை என்ன செய்தாலும் கொழகொழவென்றுதான் வரும். ஓட்டில் கரும்புள்ளி இருப்பதை மட்டும் வைத்து ஒதுக்க வேண்டியதில்லை. வெட்டின வாழைக்காய் கறுப்பது மாதிரிதான் அதுவும். ஆனால் அது கொஞ்ச நேரம் ஆகிவிட்டதைக் காட்டும், அதைக் குழம்புக்கு வைத்துக்கொள்ளலாம். வாங்கிய உடனே தலையை எடுத்துவிடச் சொல்லுங்கள். தலையையும் ஓட்டையும் மட்டும் அங்கே விட்டுவிடாமல் தனிப் பையில் வாங்கி வாருங்கள், அதற்கு வேலை இருக்கிறது.

இப்போது எலுமிச்சை. பெரு நாட்டில் செவிச்சே என்று ஓர் உணவு உண்டு, நீங்கள் பார்த்தது அதுதான். எலுமிச்சையின் புளிப்பு மீனின் புரதத்தை உறைய வைக்கும். அதனால் சதை வெள்ளையாகி வெந்த மாதிரித் தெரியும். ஆனால் அது வேகவில்லை. மீனில் இருக்கக்கூடிய புழுக்களையும், வெதுவெதுப்பான கடல்நீரில் இயல்பாக வாழும் விப்ரியோ போன்ற கிருமிகளையும் எலுமிச்சையை நம்பி விட முடியாது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பச்சையாகப் பரிமாறும் பல இடங்களில், புழுவுக்காக மீனை மைனஸ் 20 டிகிரியில் 7 நாள் உறைய வைத்த பிறகே எடுப்பார்கள். வீட்டு ஃபிரீசர் நன்றாக இருந்தால் மைனஸ் 18 வரை போகும், நாளுக்குப் பத்து முறை திறக்கிறோம், மின்சாரம் வேறு போகிறது. அப்படி உறைய வைத்தாலும் கிருமிகள் முழுக்கச் சாகாது, பல தூங்கிக்கொண்டிருக்கும். ஆகவே நம் வீட்டு விருந்துக்குப் பச்சை மீன் வேண்டாம். வந்திருப்பவர்களில் கர்ப்பிணியோ வயதானவர்களோ ஈரல் நோய் உள்ளவர்களோ இருந்தால் பேச்சே வேண்டாம். அந்தச் சுவை வேண்டும் என்றால் முதலில் வேகவைத்து, ஆறிய பிறகு எலுமிச்சையில் பிரட்டுங்கள். நாக்குக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது.

இறாலுக்கு வருகிறேன், ஏனென்றால் உங்கள் வருத்தமே அதில்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் ஒரு பெரிய பாத்திரம் நிறைய இறாலைப் பாழாக்கியிருக்கிறேன். சரியாகத்தான் வெந்திருந்தது. அடுப்பை அணைத்துவிட்டு, ஆறட்டும் என்று அந்த வெந்நீரிலேயே விட்டுவிட்டு வேறு வேலை பார்க்கப் போனேன். திரும்பி வந்தபோது ஒவ்வொன்றும் வட்டமாகச் சுருண்டு கிடந்தது. அடுப்பை அணைத்தாலும் சூடு வேலை செய்துகொண்டே இருக்கும். இறால் சதையின் நார்கள் சூடு ஏற ஏறச் சுருங்கித் தண்ணீரைப் பிழிந்து வெளியே தள்ளும், அப்புறம் எதைச் செய்தாலும் அது திரும்பி உள்ளே போகாது. நீங்கள் எழுதியதைப் பார்த்தால் மசாலாவோடு 10 நிமிடம் மூடி வைத்திருக்கிறீர்கள். குழம்புக்கு வேண்டுமானால் அந்தப் பழக்கம் பரவாயில்லை.

இப்படிச் செய்யுங்கள். அரைக் கிலோ இறால், கிலோவுக்கு 30 முதல் 40 வரை நிற்கும் அளவு. வால் மட்டும் இருக்கட்டும், ஓட்டை உரித்து முதுகுக் கறுப்பு நரம்பை எடுத்துவிடுங்கள். அரை டீஸ்பூன் உப்பு, கால் டீஸ்பூன் சமையல் சோடா தூவிப் பிசிறி, 15 நிமிடம் ஃபிரிட்ஜில் வையுங்கள். சோடா சதையை உள்ளே தண்ணீர் பிடித்து வைத்துக்கொள்ளச் செய்யும், கடித்தால் நறுக்கென்று இருக்கும். அதற்கு மேல் போட்டால் சோப்பு வாடை வரும், அளவைத் தாண்டாதீர்கள். இதற்குள் 2 லிட்டர் தண்ணீரில் உரித்த ஓடு, ஒரு வெங்காயம், தட்டிய மிளகு, கறிவேப்பிலை, 2 மேசைக்கரண்டி உப்பு போட்டு 10 நிமிடம் கொதிக்கவிட்டு வடிகட்டுங்கள். வடித்த தண்ணீர் திரும்பத் தளதளவென்று கொதித்ததும் அடுப்பை அணையுங்கள். இறாலைக் கழுவிப் போட்டு மூடுங்கள். இரண்டரை நிமிடத்தில் ஒன்றை எடுத்து, தடித்த இடத்தில் வெட்டிப் பாருங்கள். கண்ணாடி மாதிரித் தெரியும் பகுதி நடுவில் இல்லையென்றால் முடிந்தது. வளைந்த பிறை மாதிரி இருந்தால் பதம், வாலும் தலைப்பக்கமும் முட்டிக்கொண்டு வளையமாகிவிட்டால் தாண்டிவிட்டது. உடனே எல்லாவற்றையும் ஐஸ் தண்ணீரில் போட்டு, ஆறியதும் வடித்து, துணியில் ஒற்றி, ஃபிரிட்ஜுக்குள் வையுங்கள். அந்த ஐஸை முதல் நாளே கேன் தண்ணீரில் நீங்களே உறைய வைத்துக்கொள்ளுங்கள். மீனுக்கு உடைத்துப் போடும் பார் ஐஸ் வாயில் போகிற பொருளுக்கு அல்ல. நான் சொன்ன நிமிடக் கணக்கு இந்த அளவு இறாலுக்கும் இந்த அளவு தண்ணீருக்கும்தான். டைகர் இறால் பெரிதாக வாங்கினால் நேரம் கூடும், அங்கே வெட்டிப் பார்ப்பதுதான் கணக்கு. சமையல் வெப்பமானி இருந்தால் நடுவில் 63 டிகிரி.

இதை எதோடு வைப்பது? ஓட்டலில் மயோனைஸில் தக்காளி சாஸ் கலந்து ரோஸ் நிறத்தில் கொடுப்பார்கள். பச்சை முட்டை மயோனைஸைத் தமிழக அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை செய்தது நினைவிருக்கும். நம் வெயிலில் அது எவ்வளவு சீக்கிரம் கெடும் என்று அந்த வேலையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். அது நமக்குத் தேவையும் இல்லை. தேங்காயின் முதல் பால் ஒரு டம்ளர் எடுத்து, கீறின பச்சை மிளகாய் ஒன்று, இஞ்சிச் சாறு அரை டீஸ்பூன், உப்பு போட்டுக் குளிர வையுங்கள். சின்னக் கண்ணாடி டம்ளரில் பொடியாக நறுக்கிய பச்சை மாங்காயும் வெள்ளரியும் ஒரு கரண்டி, மேலே மூன்று இறால், பரிமாறும் நேரத்தில் இந்தப் பால் இரண்டு கரண்டி, ஒரு கொத்தமல்லி இலை. அவ்வளவுதான். காய்ச்சாத தேங்காய்ப் பால் சீக்கிரம் புளிக்கும், அதனால் விருந்தன்று மதியத்துக்கு மேல் பிழியுங்கள். வடிகட்டிய கெட்டித் தயிரில் துருவிய மாங்காய் இஞ்சி கலந்தாலும் அருமையாக இருக்கும். மீனும் தயிரும் சேர்ந்தால் வெண்புள்ளி வரும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். வெண்புள்ளி என்பது உடம்பின் எதிர்ப்பு சக்தியே தோலின் நிறமிச் செல்களைத் தாக்குவதால் வருவது, சாப்பாட்டுச் சேர்க்கையால் அல்ல. ஆனாலும் உங்கள் மாமியார் அந்த மேசையில் இருப்பார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவரைச் சங்கடப்படுத்த வேண்டாம், தேங்காய்ப் பாலே இருக்கட்டும்.

கடம்பா, அதாவது கணவாய், பற்றிச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. விலை குறைவு, முள் கிடையாது, தட்டில் வைத்தால் அத்தனை அழகு. ஆனால் நம்மூரில் பலரும் அதைக் கடிக்க முடியாத பதத்தில்தான் சாப்பிட்டிருக்கிறார்கள். கடம்பாவுக்கு நடுவழி கிடையாது. ஒன்று, ஒரு நிமிடம். இல்லையென்றால் முக்கால் மணி நேரம். இடையில் நிறுத்தினால் சதை இறுகியிருக்கும், அதைப் பிணைத்திருக்கும் கொலாஜன் என்ற புரதம் இன்னும் கரைந்திருக்காது. லேசான பதார்த்தத்துக்கு ஒரு நிமிடம்தான் வழி. தோலை உரித்து, குழலைப் பிரித்து விரித்து, உள்பக்கம் கத்தியால் குறுக்கும் நெடுக்குமாக லேசாகக் கீறி, இரண்டு விரல் அகலத் துண்டுகளாக நறுக்குங்கள். கொதிக்கும் உப்புத் தண்ணீரில் கைப்பிடி கைப்பிடியாகப் போட்டால் முக்கால் நிமிடத்தில் பூ மாதிரிச் சுருளும். ஒரு நிமிடத்தைத் தாண்டவிடாமல் எடுத்துவிடுங்கள். சூடு ஆறுமுன் நல்லெண்ணெய் ஒரு கரண்டி, எலுமிச்சைச் சாறு, மெல்லிசாக அரிந்த சின்ன வெங்காயம், இடித்த மிளகு, விதை எடுத்த தக்காளி சேர்த்துப் பிரட்டுங்கள். நல்லெண்ணெய் வாசம் இதில் தூக்கலாக நிற்கும், ஆலிவ் எண்ணெய் தேடி அலைய வேண்டாம்.

சூடாக ஒன்று வேண்டும் அல்லவா? ராயபுரத்தில் 1910-லிருந்து பார்சி மக்களின் அக்னிக் கோயில் ஒன்று இருக்கிறது. சென்னையில் பார்சிகள் சிலரே, ஆனால் அவர்கள் சமையலில் நம் வாழை இலைக்கு ஏற்ற ஓர் உணவு உண்டு, பாத்ரா நி மச்சி. தேங்காய், கொத்தமல்லி, பச்சை மிளகாய், பூண்டு, சீரகம், எலுமிச்சை, ஒரு சிட்டிகை சர்க்கரை, உப்பு, இதைக் கெட்டியாக அரைத்து வவ்வால் மீனில் பூசி, இலையில் கட்டி ஆவியில் வைப்பது. அவர்கள் பெரிய துண்டமாகச் செய்வார்கள். நமக்கு முன்னுணவு, அதனால் முள் எடுத்த கொடுவா அல்லது வவ்வால், ஆளுக்கு ஒரு தீப்பெட்டி அளவுத் துண்டு போதும். இலையை அடுப்புத் தணலில் வாட்டி மடித்து, இட்லிப் பானையில் தட்டு வைத்து அதன்மேல் அடுக்குங்கள். தண்ணீர் நன்றாக ஆவி விட்ட பிறகு வைத்தால், ஒரு அங்குலத்துக்குச் சற்றுக் குறைந்த தடிமனுக்கு 8 நிமிடம். பிரித்துப் பார்க்க ஒன்றைக் கூடுதலாகக் கட்டி வையுங்கள். விருந்தாளி தன் தட்டில் தானே பொட்டலத்தைப் பிரிக்கும்போது எழும் ஆவிக்கும் வாசனைக்கும் மேல் வேறு அலங்காரம் வேண்டியதில்லை.

தனியாக எடுத்து வரச் சொன்ன தலைகளுக்கு இப்போது வேலை. பர்மாவிலிருந்து அறுபதுகளில் திரும்பி வந்த நம் மக்கள் வடசென்னையில் விட்டுப்போன சுவை அத்தோ என்ற நூடுல்ஸோடு நிற்கவில்லை. மொய்ங்கா என்று வாழைத்தண்டு போட்ட சூப் ஒன்றும் உண்டு. நம் தெருக்கடைகளில் மீன் இல்லாமல்தான் பெரும்பாலும் கிடைக்கும், பர்மாவில் அதன் அடிப்படையே மீன்சாறு. கொடுவாத் தலையும் இறால் தலையும் போட்டு 20 நிமிடம் மட்டும் மெதுவாகக் கொதிக்கவிட்டு வடிகட்டுங்கள். அதிக நேரம் கொதித்தால் எலும்பின் கசப்பு இறங்கும். அதில் நார் எடுத்து மெல்லிசாக அரிந்த வாழைத்தண்டு, தட்டிய பூண்டு, இஞ்சிப்புல் (லெமன் கிராஸ்) கிடைத்தால் ஒரு தண்டு, வறுத்த கடலை மாவு ஒரு கரண்டி கரைத்து விட்டு, தண்டு வேகும்வரை வையுங்கள். டீ குடிக்கும் சின்ன டம்ளரில் முக்கால் அளவு, மேலே வறுத்த வெங்காயம் கொஞ்சம், எலுமிச்சை. குடித்தவர்கள் இன்னொரு டம்ளர் கேட்பார்கள், கொஞ்சம் அதிகமாகவே செய்யுங்கள்.

நண்டு கேட்டிருந்தீர்கள். பழவேற்காட்டு நண்டு ருசிக்கு ஈடு கிடையாது. ஆனால் ஒரு கிலோ நண்டை ஆவியில் 15 நிமிடம் வைத்து உடைத்து எடுத்தால் கால் கிலோ சதை தேறுவதே பெரிது. பத்துப் பேருக்கு ஓடு பொறுக்கவே மத்தியானம் முழுக்கப் போய்விடும். கூட உட்கார இன்னொரு கை இருந்தால் மட்டும் செய்யுங்கள். எண்ணூர்ப் பக்கத்து மட்டி வேண்டாம் என்பேன். மட்டி ஒரு சிப்பி வகை, தண்ணீரை வடிகட்டித் தின்னும் உயிர், தண்ணீரில் உள்ளது அதன் உடம்பில் சேரும். 2017 ஜனவரியில் எண்ணூர் அருகே கப்பல்கள் மோதியபோதும், 2023 டிசம்பர் புயல் வெள்ளத்திலும் அங்கே எண்ணெய் பரவியது எல்லோரும் பார்த்தது. தலைமுறையாக அதைச் சாப்பிட்டு, விற்று வாழ்கிற மீனவர்களுக்கு அதனால் வந்த கஷ்டம் சொல்லி மாளாது. ஒரு மட்டியைக் கையில் எடுத்து நல்லதா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. விருந்தாளிக்கு அப்படி ஒன்றைக் கொடுக்க எனக்கு மனம் வராது.

சூரை, கானாங்கெளுத்தி, வஞ்சிரம் இவற்றுக்கு இன்னொரு எச்சரிக்கை. ஐஸ் இல்லாமல் சில மணி நேரம் கிடந்தால் இவற்றின் சதையில் ஹிஸ்டமின் சேரும். வேகவைத்தாலும் பொரித்தாலும் அது போகாது. சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து, வாய் சுறுசுறுவென்று, தலைவலி வரும். பலர் அதை ஒவ்வாமை என்று நினைத்துக்கொள்வார்கள். வாங்கப் போகும்போதே ஐஸ் போட்ட டப்பாவைக் கையில் கொண்டுபோவதுதான் இதற்கு மருந்து. நிஜமான ஒவ்வாமை வேறு. இறாலோ நண்டோ ஒத்துக்கொள்ளாதவர் இருக்கிறாரா என்று அழைக்கும்போதே கேட்டுவிடுங்கள். இருந்தால், இறால் தலை போட்ட சூப்பையும் அவருக்குத் தரக்கூடாது. இறால் தொட்ட கரண்டியையும் பலகையையும் அவர் உணவுக்குப் பயன்படுத்தக்கூடாது. எவ்வளவு பட்டால் அவருக்கு ஆபத்து என்பதை அவருடைய மருத்துவர்தான் சொல்ல வேண்டும், சமையல்காரன் நான் சொல்லக்கூடாது.

கடைசியாக எண்ணிக்கை. நான்கைந்து வகை என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டு பர்னரும் ஒரே ஆளும் என்றால் மூன்றோடு நிறுத்துங்கள்: இறால் டம்ளர், இலைப் பொட்டலம், சூப். இறாலைக் காலையிலேயே வேகவைத்துக் குளிர வைத்துவிடலாம். சூப்பை மதியம் செய்து, அகலப் பாத்திரத்தில் சீக்கிரம் ஆறவிட்டு ஃபிரிட்ஜில் வைத்து, மாலையில் நன்றாகக் கொதிக்க வைத்துக்கொள்ளலாம். பொட்டலங்களைக் கட்டி ஃபிரிட்ஜில் வைத்துவிட்டால், ஆட்கள் வந்து உட்கார்ந்த பிறகு இட்லிப் பானையை ஏற்றினால் போதும். குளிர்ந்த தட்டுகளை முன்கூட்டி மேசையில் அடுக்கி வைக்காதீர்கள். நம் ஊர் வெயிலில் வெந்த இறால் வெளியே ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கக்கூடாது. ஐந்து ஐந்து டம்ளராக எடுத்துக் கொடுங்கள், அடுத்த ஐந்து உள்ளேயே இருக்கட்டும். காசிமேட்டில் அன்றைக்கு இறால் மனதுக்குப் பிடிக்கவில்லை என்றால் கடம்பாவை வாங்கி வந்து அந்த டம்ளரில் அதை வையுங்கள். அதே மாங்காய், அதே தேங்காய்ப் பால் அதற்கும் பொருந்தும்.